வயிற்றுக்கும் நேரம் வேண்டும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசுவதற்கு இம்மேடையில் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது சோற்றைப் பற்றி. சோறு கிடைக்க வேண்டும் என்று போராடிய பரம்பரை நம்முடையது. கிடைத்த சோறு வயிற்றுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? இன்று கேட்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக் கொட்டகையில் நின்றவன் நான். என்னை "டிரசர் ஐயா" என்றுதான் நீங்கள் அழைத்தீர்கள். அந்த ஐயா செய்த ஒரு தவற்றிலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் வேலை பார்த்த தோட்டம் ஒன்றில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல வெட்டுக்காரி. பல வருடங்களாக இனிப்பு நீர். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நிரையில் மயங்கி விழுந்துவிட்டார் என்று தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை. இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கியிருந்தது. சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்தேன். தெளிந்ததும் நாலு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்: "சாப்பிடாமல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது?"

அவர் சொன்னார்: "ஐயா, சத்தியமா சாப்பிட்டேனுங்க. ரெண்டு இடியாப்பம் தின்னுட்டுத்தான் காட்டுக்குப் போனேன். இன்னும் நெஞ்சுக் குழியிலேயே நிக்குதுங்க."

நான் நம்பவில்லை. பொய் சொல்கிறார் என்றே எண்ணினேன். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது, மறுபடியும் திட்டினேன். மூன்றாவது முறை, என் கண் முன்னாலேயே வாந்தி எடுத்தார். முதல் நாள் இரவு தின்ற பயற்றங்காய் துண்டு துண்டாக அப்படியே வெளியே வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் தின்றது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய வயிறுதான் வேலை செய்யவில்லை.

அந்த அம்மாவுக்கு நேர்ந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், முதலில் நல்ல வயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கூலியாளின் வயிறு

வயிற்றுக்குள் நடப்பதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் பெரிய மேதை அல்லர். நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி. அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்பது அவர் பெயர். வட அமெரிக்காவில் தோல் வாணிபம் செய்த கம்பெனியின் ஆள். 1822-ஆம் ஆண்டு ஒரு துப்பாக்கி தவறி வெடித்து, அவருடைய வயிற்றில் துவாரம் விழுந்தது. வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் சிகிச்சை செய்தார். ஆள் பிழைத்தார், துவாரம் மட்டும் மூடவே இல்லை.

மருத்துவர் அதை ஒரு சன்னலாகப் பயன்படுத்திக்கொண்டார். இறைச்சி, ரொட்டி, கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்குவார். மணிக்கணக்குப் பார்த்து வெளியே இழுத்துப் பார்ப்பார். 1833-இல் புத்தகமாக வெளியிட்டார். வேகவைத்த அரிசி வயிற்றில் ஒரு மணி நேரத்தில் கரைந்தது என்றும், வறுத்த பன்றியிறைச்சிக்கு ஐந்து மணிக்கும் மேல் பிடித்தது என்றும் அதில் எழுதி வைத்தார். ஒரே வயிறுதான், ஆனால் உள்ளே போகும் பண்டத்துக்குத் தக்கபடி நேரம் மாறுகிறது என்று அன்றே தெரிந்துவிட்டது.

பெயரும் புகழும் மருத்துவருக்குப் போயின. அந்தத் தொழிலாளி ஏழையாகவே வாழ்ந்து 1880-இல் மறைந்தார். மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்க வருவார்கள் என்று அஞ்சி, குடும்பத்தார் அவரை மிக ஆழமான குழியில் புதைத்தார்கள். சீரணத்தைப் பற்றி நாம் எது பேசினாலும் அந்தப் பாட்டாளிக்கு ஒரு நன்றி சொல்லியே பேச வேண்டும்.

வயிறு ஒரு பால் ஸ்டோர்

தோழர்களே, வெட்டுக்காரர்கள் அனைவரும் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருகிறோம். ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே புகுந்துவிட முடியுமா? கிராணி வாசலில் நிற்பார். ஒவ்வொருவராக நிறுத்து, கணக்கு எழுதி, வடிகட்டி உள்ளே விடுவார்.

இரைப்பையும் அப்படித்தான். அதன் அடிவாசலில் ஒரு தசை வளையம் உண்டு. அதுதான் நம் வாசல் கிராணி. மேலேயிருந்து வந்த சோற்றையும் கறியையும் இரைப்பை பிசைந்து, புளிப்பு நீர் விட்டுக் கூழாக்குகிறது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்கினால்தான் அந்த வாசல் உள்ளே விடும். பெரிய துண்டு வந்தால், "இன்னும் அரைத்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடும். தண்ணீருக்கு அந்தத் தடை இல்லை. குடித்த தண்ணீரில் பாதி, கால் மணி நேரம் போல் ஆனதும் இறங்கிவிடும். கட்டியான உணவு முழுவதும் இறங்க மூன்று நான்கு மணி ஆகும்.

வாசல் கிராணிக்கு மேல் ஒரு பெரிய கிராணியும் இருக்கிறார். அவர்தான் சிறுகுடல். கொழுப்போ புரதமோ சத்தோ மிகுதியாக வந்து இறங்கினால், சிறுகுடல் சில சுரப்பு நீர்களை இரத்தத்தில் விட்டு, "பொறு, இங்கே இன்னும் முடியவில்லை" என்று இரைப்பைக்குத் தாக்கல் அனுப்புகிறது. அதே தாக்கல் மூளைக்கும் போகிறது. மூளை, "போதும், வயிறு நிறைந்தது" என்கிறது. இன்று இனிப்பு நீருக்கும் உடற்பருமனுக்கும் வாரம் ஒரு முறை போடுகிறார்களே ஒரு ஊசி, அது இந்தச் சுரப்பு நீர்களில் ஒன்றின் வேலையைத்தான் செய்கிறது. பசி அடங்குகிறது, இரைப்பையும் மெதுவாகிறது.

ஆகவே நிறைவு என்பது வயிறு புடைப்பது மட்டும் அன்று. வயிறு விரிந்தது என்று நரம்பு சொல்ல வேண்டும். சத்து வந்தது என்று குடல் சொல்ல வேண்டும். இரண்டும் மூளைக்கு எட்டக் கால் மணிக்கு மேல் பிடிக்கும். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனுக்கு, தாக்கல் வந்து சேருமுன் தட்டு காலியாகி, இரண்டாவது தட்டும் பாதியாகிவிடுகிறது.

ஒரு தேக்கரண்டி சீனி

இந்த வாசல் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? அதற்குக் காரணம் உண்டு. நம் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அவ்வளவு இரத்தத்திலும் சேர்ந்து கரைந்திருக்கும் சீனி எவ்வளவு தெரியுமா? வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஐந்து கிராம் கூட இராது. ஆனால் 300 கிராம் சோறு தின்றால் அதில் 80 கிராமுக்கு மேல் மாச்சத்து. அத்தனையும் கடைசியில் சீனியாகத்தான் மாறுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கொட்டினால் என்ன ஆகும்? வாசல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான், கணையம் இன்சுலினைச் சுரந்து, தசையும் ஈரலும் அதை வாங்கி வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

இப்போது நம் காலைப் பசியாறலைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, கெட்டிப்பால் போட்ட தேத்தண்ணி ஒரு பெரிய கோப்பை. இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் மட்டும் 20 கிராம் போல் சீனி. அதில் நாலு பிஸ்கோத்தை நனைத்துத் தின்றுவிட்டு மரத்தடிக்குப் போகிறோம். நீர்ப் பொருளுக்கு வாசலில் தடை இல்லை என்று சொன்னேனே, அந்தச் சீனி விரைந்து ஏறுகிறது. அதைச் சமாளிக்க இன்சுலினும் விரைந்து ஏறுகிறது. ஏறியது விரைவாகவே இறங்குகிறது. பாதி மரம் வெட்டி முடிப்பதற்குள் சிலருக்கு மறுபடியும் பசி, கை நடுக்கம், எரிச்சல்.

இங்கிலாந்தில் 1977-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். ஒரே அளவு சீனிச்சத்துள்ள ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: கடித்துத் தின்னும்படி முழுப் பழமாக, மசித்த கூழாக, சக்கை நீக்கிய சாறாக. சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறையவில்லை. இன்சுலின் மிகுதியாகச் சுரந்தது. பிறகு சீனி தொடக்க அளவுக்கும் கீழே இறங்கியது. முழுப் பழம் தின்றவர்களுக்குத்தான் பசி நன்றாக அடங்கியது. பழம் ஒன்றுதான், சீனியும் ஒன்றுதான். நாரும் மெல்லும் வேலையும் போனதால் வந்த வித்தியாசம் இது.

எனவே கேழ்வரகு என்று பெயர் சொன்னாலே போதும் என்று ஏமாறாதீர்கள். நைய அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, சீனி போட்டுக் குடித்தால் அதுவும் விரைந்துதான் ஏறும். கடலை, பயறு, பருப்பு, கீரை, மீன், முட்டை ஆகியவை மாச்சத்தோடு சேரும்போதுதான் ஓட்டம் மட்டுப்படுகிறது.

இந்தக் கவலை நமக்குத் தேவையா என்று கேட்பீர்கள். 2019-ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் என்று கண்டார்கள். இந்தியரிடையே அது 100-க்கு 31. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6 விழுக்காடாக வந்தது. அதுவும் சிறிய எண் அன்று. கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள் நம் உறவினர்கள்தாம்.

புழுங்கலரிசி சொன்ன பாடம்

மெதுவான சீரணமும் உணவின் சத்தும் ஒரு சேர அமைந்த பண்டம் ஒன்று நம் முன்னோர் கையில் இருந்தது. இந்நாட்டுச் சரித்திரமே அதற்குச் சாட்சி.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், நெஞ்சு அடைக்கும், ஆள் முடிந்துவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிகளை அது வாட்டியது. தோட்டத்துத் தமிழரை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய் அரிசியில்தான் இருக்கிறது என்று 1907-இல் புத்தகம் எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் கருதியது பிழை; அரிசியைச் சுட்டிக் காட்டியது சரி.

அதற்குமுன், 1905-இல், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து ஆராய்ந்து, நஞ்சு எதுவுமில்லை, தவிட்டோடு தீட்டி எறியப்படும் ஏதோ ஒரு சத்துத்தான் குறைகிறது என்று நிறுவினார்கள். இன்று அதைத் தயமின் என்கிறோம். மாச்சத்தை உடல் எரித்துச் சக்தியாக்குவதற்கு அது இல்லாமல் முடியாது.

நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது மட்டுமன்று, அவித்து உலர்த்தியதால் மாவு இறுகி, பொதுவாக வெள்ளைச் சோற்றைக் காட்டிலும் மெதுவாகச் சீரணமாகிறது. நம் பாட்டி தயமினைப் பற்றிப் படித்தவள் அல்லள். ஆனால் அவள் பானையில் இரண்டு நன்மையும் வெந்தன. வெள்ளை வெளேரென்ற சோறே கௌரவம் என்று அதைக் கைவிட்டவர்கள் நாம்.

சத்து ஒட்டும் விதத்தைப் பற்றி இன்னும் இரண்டொரு சொல். மெதுவாக இறங்கினால் எல்லாச் சத்தும் ஒட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். வயிற்றுப்போக்கில் விரைந்து ஓடினால் சத்து வீணாகும் என்பது உண்மை. ஆனால் எதோடு எது சேருகிறது என்பதும் முக்கியம். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தால், அதிலுள்ள துவர்ப்பு கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஒட்டும். இரத்தம் குறைந்த நம் பெண்கள் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நல்லது. முருங்கைக்கீரையை வதக்கும்போது கொஞ்சம் எண்ணெய் விடுவதிலும் பொருள் உண்டு. கண்ணுக்கான சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஒட்டும்.

மெதுவே நோயாகும்போது

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புவோம்.

இரைப்பையைப் பிசையச் சொல்லும் நரம்பு ஒன்று மூளையிலிருந்து இறங்கி வருகிறது. பல்லாண்டுகள் இரத்தத்தில் சீனி மிகுந்தே இருந்தால், காலின் நரம்பு மரத்துப்போவது போல இந்த நரம்பும் கெடுகிறது. அப்போது இரைப்பை சோம்பிவிடும். அரைக்காது, இறக்காது. இரண்டு பிடி தின்றதும் நிறைந்துவிட்டது போலிருக்கும். குமட்டும். பல மணி கழித்துத் தின்றது தின்றபடியே வாந்தியாக வரும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது பெரும் ஆபத்து. ஊசி நேரத்துக்கு வேலை செய்கிறது. சோறு நேரத்துக்கு இறங்குவதில்லை. வாங்கிக்கொள்ளச் சீனி இல்லாத நேரத்தில் இன்சுலின் இரத்தத்தில் நின்றால், சீனி இறங்கி ஆள் மயங்குகிறார். பிறகு, ஊசியின் வேகம் அடங்கியபின், சோறு மெல்ல இறங்கிச் சீனியை ஏற்றுகிறது. காலையில் 3, மாலையில் 18 என்று கருவி காட்டும். பார்க்கிறவர், "இவர் கட்டுப்பாடு இல்லாதவர்" என்பார். நான் அப்படித்தான் சொன்னேன்.

பெரிய மருத்துவமனையில் அவருக்குச் சோதனை செய்தார்கள். அடையாளப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரம் படம் எடுத்துப் பார்க்கும் சோதனை அது. நான்கு மணிக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் தங்கினால் அது நோய். அவருக்கு மிகுதியாகத் தங்கியிருந்தது. ஊசியின் நேரத்தை மாற்றினார்கள். அவருக்குச் சொல்லப்பட்ட உணவு, நமக்குச் சொல்லும் உணவுக்கு நேர் மாறானது: நார் குறைவு, கொழுப்புக் குறைவு, குழைய வேகவைத்தது, சிறுகச் சிறுகப் பல வேளை. நல்ல வயிற்றுக்கு மருந்தாகும் நார், சோம்பிய வயிற்றில் கட்டியாகித் தங்கிவிடும். ஒருவருக்கு ஆகும் பத்தியம் மற்றவருக்கு ஆகாது என்பது இதனால்தான்.

அதற்குப் பிறகு அவர் மயங்கி விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒரு நாள் அவர் வீட்டு வாசலுக்குப் போய், "அம்மா, நான் சொன்னது தவறு" என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க ஐயா, உக்காருங்க" என்று மணை எடுத்துப் போட்டார். திட்டியது நாலு பேர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்டது வீட்டுக்குள். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை என்பதால்தான் இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தட்டில் கறியையும் மீனையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் உண்ணுங்கள். அதே சாப்பாடு, முறை மட்டும் மாறினாலே சீனி ஏறும் வேகம் குறைகிறது. நன்றாக மென்று தின்னுங்கள். வாய்க்குள் அரைத்தது வயிற்றுக்கு மிச்சம்.

இரண்டாவது, கிராணிமார்களுக்கு. வெட்டுக்காரன் தின்றபின் மரம் மரமாக நடக்கிறான். அவன் தசை சீனியை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் தின்றபின் நாற்காலியில் அமர்கிறீர்கள். உண்டபின் பத்து நிமிடமாவது நடங்கள்.

மூன்றாவது, ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குக் கை நடுங்கி வேர்த்து, கருவியில் 4-க்குக் கீழ் காட்டினால், அந்த நேரத்தில் மெதுவான உணவு உதவாது. சாக்லேட்டு வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வாசலை மூடும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி கழித்து மறுபடியும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தின்றது இறங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசியின் அளவைத் தாமே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நான்காவது, சங்கத்துக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணிக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும் என்கிறது. வெயில் ஏறினால் மரம் பால் குறைவாகத் தரும். அதனால் விடியுமுன் வேகமாக வெட்டுகிறோம். எடைக்குக் கூலி என்பதால் அந்த அரை மணியை நாமே விழுங்கிவிடுகிறோம். அந்த அரை மணி சோம்பேறித்தனம் அன்று. வயிறு தன் தாக்கலை மூளைக்கு அனுப்பும் நேரம் அது. கேட்டு வாங்குங்கள், வாங்கியதை வீணாக்காதீர்கள்.

பட்டையில் கத்தி ஆழமாகப் போனால் பால் விரைவாக வரும், மரம் பட்டுப்போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக மங்கில் விழுவதே மரத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ஐந்நூறு மரத்துக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுகிறோம். நம் வயிற்றுக்கும் கொஞ்சம் காட்டுவோம்.